புகார்ப் பிரிவில் பேசுவது நான்தான்

புகார் சொல்லப் போன் போட்டேன். எதிர்முனையில் எடுத்தது நான்தான்.

“வணக்கம். பச்சையாறு டிவி புகார்ப் பிரிவு. உங்கள் வருத்தம் எங்கள் வருத்தம்” என்றது என் குரல். சொல்லிவிட்டுக் களுக்கென்று சிரித்தது. அந்தச் சிரிப்பும் என்னுடையதுதான். இருபது வயதில் அப்படித்தான் சிரிப்பேன். இப்போது முப்பத்தெட்டு ஆகிறது. ஓர் அணைக்கட்டையும் அதன் ஷட்டர்களையும் ஒரு ஓட்டை ஜீப்பையும் கட்டி மேய்க்கும் உதவிச் செயற்பொறியாளர் நான். சிரிப்பைத் தொலைத்து வெகுநாளாயிற்று. எங்கே போயிற்று என்று தேடியதுகூட இல்லை. புகார்ப் பிரிவில் பத்திரமாக இருக்கிறதென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைப் பைத்தியம் என்பீர்கள்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது பச்சையாறு டிவிக்காரர்கள் எங்கள் வளாகத்துக்கு ஒரு வேனில் வந்தார்கள். உயிருள்ள ஆட்களை வைத்துச் செய்தி வாசித்துக் கட்டுப்படியாகாமல் உள்ளூர்ச் சேனல்கள் எல்லாம் கணினி முகங்களுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். யாராவது ஒரு பெண் தன் முகத்தையும் குரலையும் கொடுத்தால் போதும், அதை வைத்துத் திரையில் ஒருத்தியை உண்டாக்கிக்கொள்வார்கள். அவள் லீவு கேட்க மாட்டாள், பிரசவத்துக்குப் போக மாட்டாள், அவளுக்கு வயதும் ஏறாது. தோழிகள் உசுப்பேற்றிவிட்டார்கள். வேனுக்குள் போய் உட்கார்ந்து, சிரி என்றால் சிரித்து, வெட்கப்படு என்றால் வெட்கப்பட்டு, கையில் ஒரு ஐஸ்கிரீமோடு வெளியே வந்தேன். அப்படிப் பிறந்தவள்தான் தாரகை. அவளை நாலு தாலுகாவுக்கும் தெரியும். எனக்கோ சதை போட்டு, கண்ணாடி ஏறி, அணை வெயிலில் முகம் கறுத்து, அது நான்தான் என்றால் என் அம்மாவே யோசித்துத்தான் தலையாட்டுவாள்.

தாரகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சிம்மராஜா. முதலாளி தளவாயின் மைத்துனர் முகத்தை வைத்துச் செய்தது. கொலை, அரசியல், தண்ணீர்ப் பிரச்சினை எல்லாம் சிம்மராஜா வாசிப்பார். கோலப்போட்டி, தங்கம் விலை, நடிகை கல்யாணம் இவளுக்கு. நடுவில் அவர் ஏதாவது ஜோக்கடிப்பார், இவள் சிரிக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. செய்தியை எழுதுவதும் கணினிதான், தளவாயின் ரசனையைப் பார்த்துப் பழகிய கணினி. நான் அந்தச் சேனல் பக்கமே போவதில்லை. நம் முகம் நம் பேச்சைக் கேட்காமல் இளிப்பதைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்கும்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டியது. அணை நிரம்பிக்கொண்டே வந்தது. புதன்கிழமை காலை ஷட்டர்களைத் திறந்தே ஆக வேண்டும். திறந்தால் ஆற்றுப் படுகையில் குடிசை போட்டிருக்கும் ஆத்தடியூர் கூரை வரைக்கும் முங்கும். செல்போன்களுக்கு எச்சரிக்கை அனுப்பினோம். ஆனால் தூறலுக்கெல்லாம் அது அலறி அலறி, ஊர் அதைக் காதில் போட்டுக்கொள்வதை நிறுத்தியிருந்தது. டிவியில் வந்தால் நம்புவார்கள் என்று பச்சையாறு டிவியை அணைக்கு வரவழைத்தேன். கொட்டும் மழையில் நின்று தேதி, நேரம், எந்தெந்த இடம் முங்கும், எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கலாம், அங்கே நர்ஸ் உண்டா என்று அத்தனையும் விவரமாகச் சொன்னேன். ஜீப் டிரைவர் கோமதிநாயகம் எனக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலச் செய்தியில் என் முகமே என்னைப் பற்றிச் சொன்னது.

“அணைக்கு வந்த அழகு மயில். மஞ்சள் சுடிதாரில் மழையில் நனைந்த இந்த மங்கை இரண்டு குழந்தைகளுக்குத் தாய் என்றால் நம்புவீர்களா?”

“தாரகை, மேடத்துக்குத் தண்ணீரைக் கண்டால் பயமோ?” என்றார் சிம்மராஜா.

களுக்.

பிறகு கோமதிநாயகத்தின் படம் திரை முழுக்க வந்தது. கீழே ‘அணைப் பொறியாளர்’ என்று எழுத்து. நான் சொன்ன தேதியும் இல்லை, நேரமும் இல்லை. அடுத்து தங்கம் விலைக்குப் போய்விட்டார்கள்.

“மேடம், நான் ஒரு வார்த்தை பேசல” என்றார் கோமதிநாயகம். “கொடையத்தான் புடிச்சேன்.”

அதற்குத்தான் அந்தப் போன்.

“செய்தில என்னையப் பத்தித் தப்பாச் சொல்லியிருக்கு” என்றேன்.

“உங்கள் அழகைக் குறைத்துச் சொல்லிவிட்டோமா?” என்றது என் குரல், ரொம்பவும் அக்கறையாக.

“அழக விடு. நான் பொறியாளர். கொட புடிச்சவரு டிரைவர்.”

“புரிகிறது. டிரைவரின் அழகைப் பற்றிச் சொல்லவில்லை என்பது உங்கள் புகார்.” களுக்.

போனை வைத்துவிட்டேன். நம் குரலிலேயே ஒருத்தி நம்மைக் கோட்டி பிடித்துத் தெருவில் அலைய வைத்தால் யாரிடம் போய் அழுவது.

மறுநாள் ஆத்தடியூருக்கே நேரில் போனேன். வாழைக்காரர் பண்டாரம்தான் அங்கே பெரிய தலை. நான் ஜீப்பிலிருந்து இறங்கியதுமே பின்னால் நின்ற பையன்கள் களுக்கென்று சிரித்தார்கள். தாரகை மாதிரியே சிரித்தார்கள்.

“புதன்கிழம காலைல தண்ணி வருது. செவ்வாக்கிழமையே எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிரணும்” என்றேன்.

பண்டாரம் என்னைத் தாண்டிக் கோமதிநாயகத்தைப் பார்த்தார். “இன்ஜினீயர் சார், நீங்க சொல்லுங்க. வருமா?”

“மேடம்தான் இன்ஜினீயர். அவுக சொன்னா வரும்” என்றார் கோமதிநாயகம்.

“அவுகளுக்குப் பயம்னு டிவிலயே சொன்னாங்கள்லா” என்றான் சுடலைமுத்து என்ற இளவட்டம். “பயமா மேடம்?”

ஊரே சிரித்தது. கூட்டத்தில் நின்ற ராஜகனி என்பவள் மட்டும் சிரிக்கவில்லை. நிறைமாதமாக இருந்த தன் மகளை ஒருதரம் பார்த்தாள். பிறகு அவளும் ஊரோடு சேர்ந்து உள்ளே போய்விட்டாள். போலீசை வைத்து எல்லாரையும் வெளியேற்றலாமா என்று தாசில்தாரைக் கேட்டேன். மாவட்டம் முழுக்க வெள்ளம், ஆளே இல்லை என்றார்.

ஜீப்பில் உட்கார்ந்து திரும்பப் போன் போட்டேன். இந்த முறை வணக்கம் சொல்ல அவளை விடவில்லை.

“ஏட்டி, நான் பேசி முடிக்க வரைக்கும் நீ வாயத் தொறக்கப்பிடாது. ஒரு ஆம்பள இன்ஜினீயரு வந்தா அவன் சட்ட என்ன கலருன்னு சொல்லுவியா? எத்தன பிள்ளைக்கு அப்பன்னு சொல்லுவியா? வீட்டையும் வேலையையும் எப்பிடிச் சமாளிக்கான்னு கேப்பியா? அவன் பேசும்போது குறுக்க வந்து இளிப்பியா? நீ இளிச்ச இளிப்புல ஒரு ஊரு முங்கப் போவுது. பண்டாரம் அண்ணாச்சி மாட்ட அவுக்க மாட்டேங்காரு. ராஜகனி மவளுக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. சுடலமுத்துங்கிற பொடிப்பய பயமான்னு கேக்கான். ஆமா, பயந்தான். எனக்காவயா பயப்படுதேன்? அவுகளுக்காவத்தான் பயப்படுதேன்.”

கடைசி வரியில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

“புகார் பதிவாயிற்று” என்றாள் தாரகை. சிரிக்கவில்லை.

அன்றைய செய்தியை என் மகள்தான் முதலில் கவனித்தாள். “அம்மா, ஒன் தாரகைக்கு என்னாச்சு, வந்து பாரு.”

சிம்மராஜா வழக்கம்போல ஜோக்கடித்தார். தாரகை சிரிக்கவில்லை. அவளுடைய சிரிப்புக்காக அவர் காத்திருந்து, காத்திருந்து, கடைசியில் தானே தனியாகச் சிரித்துவிட்டுக் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தார். அடுத்து ஒரு பாலம் திறக்க வந்த அமைச்சரைப் பற்றிய செய்தி. சிம்மராஜா வாயைத் திறந்தார்.

“இருங்க, நான் முடிக்கல” என்றாள் தாரகை. பிறகு நேராக எங்களைப் பார்த்துச் சொன்னாள்: “பாலத்தைத் திறந்துவைத்த அமைச்சர், சற்றே கசங்கிய வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். அவர் மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். வீட்டையும் இலாகாவையும் எப்படிச் சமாளிக்கிறார் என்பதை அவர் இன்னும் சொல்லவில்லை.”

நானும் மகளும் சோபாவிலிருந்து கீழே விழுந்து சிரித்தோம். எத்தனையோ வருஷம் கழித்து எனக்கு வயிறு வலித்தது. என் கணவர் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்றார்.

அதற்குப் பிறகு தினமும் கூத்துதான். ஊராட்சித் தலைவியைப் பற்றிய செய்தியில் நடுவே நிறுத்தி, “இங்கே சேலை நிறம் எழுதியிருக்கிறது. அதை விடுவோம், குடிநீர்த் தொட்டிக்கு வருவோம்” என்றாள். கபடியில் ஜெயித்த பெண்களைச் சிங்கப்பெண்கள் என்று வாசிக்கச் சொன்னதற்கு, “மனிதர்கள்தான். பெயர் சொல்கிறேன்” என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். கடைத்தெருவில் பெண்கள் ஆண்களிடம், “இருங்க, நான் முடிக்கல” என்று சொல்ல ஆரம்பித்தார்கள். தெருமுனை மளிகைக்கடைக்காரர் எடை போட்ட பருப்பையே மறுபடி எடை போட்டார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஆனால் இத்தனைக்கும் நடுவே அணை எச்சரிக்கை மட்டும் அவள் வாய்க்கு வரவில்லை. தண்ணீர்ச் செய்தி சிம்மராஜாவுடையது. அவரிடம் வந்த தாளில் அது இல்லவே இல்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பச்சையாறு டிவிக்குப் போனேன். கணினி முகங்களைப் பார்த்துக்கொள்ளும் பெல்சி என்னை வாசலிலேயே கண்டுபிடித்துவிட்டாள். அவள் மட்டும்தான் என்னை அடையாளம் கண்டவள்.

“அக்கா, நீங்கதான அது? என்ன காரியம் பண்ணிட்டிய” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“நான் என்ன பண்ணுனேன்? போன்தான பண்ணுனேன்.”

“அதத்தான் சொல்லுதேன். ஒங்க கொரலு எங்க கெடச்சாலும் தாரகை அத எடுத்துப் படிச்சிக்கிடுவா. அவ கொரலு பழசாயிரக் கூடாதுன்னு அந்தக் காலத்துல அப்பிடிச் செஞ்சு வச்சிருக்காவ. இத்தன வருசமா நீங்க அவகிட்ட ஒரு வார்த்த பேசல. அவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் வேன்ல நீங்க சிரிச்ச சிரிப்பு மட்டுந்தான். தனியா ஒருத்திய வைக்கச் செலவாகும்னு தளவாய் அண்ணாச்சி புகார்ப் பிரிவுக்கும் அவளையே போட்டுட்டாரு. நீங்க போன்ல வைய வைய, இவ அம்புட்டையும் பாடமா எடுத்துக்கிட்டா. அணைல நீங்க பேசுன பேச்சும் அவகிட்ட இருக்கு.”

“அப்ப வேற யாரும் புகார் சொன்னதே இல்லியா?”

“சொல்லாம என்ன? பக்கம் பக்கமாச் சொல்லியிருக்காவ. எத்தன டீச்சர், எத்தன டாக்டரம்மா. அவங்க கொரலு இவ கொரலு இல்லைல்லாக்கா. அதனால ஒண்ணும் ஏறல.”

சிரித்துக்கொண்டே வந்தவள் அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. எனக்கும் சுருக்கென்றது.

தளவாய் உள்ளேயிருந்து வந்தார். மனிதருக்குச் சந்தோஷமும் கலக்கமும் சேர்ந்து முகம் ஒரு தினுசாக இருந்தது.

“பாக்கிறவன் கூடியிருக்கான் தங்கச்சி, இல்லேங்கல. ஆனா அமைச்சர் ஆபீஸ்ல இருந்து ஆள் பேசுறான். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பழைய தாரகை வந்திரணும்னு பெல்சிகிட்டச் சொல்லிட்டேன். பொம்பளப் பிள்ளன்னா ஒரு மலர்ச்சி வேணும்லா.”

“என்னவும் செய்யுங்க அண்ணாச்சி. நாளைக்குக் காலைல ஷட்டரத் தொறக்கணும். ஆத்தடியூரு இன்னும் படுகைல கெடக்கு. அந்த எச்சரிக்கைய மட்டும் இன்னைக்கு வாசிச்சிருங்க.”

அவர் யோசித்தார். கெட்ட மனிதர் இல்லை. “சிம்மராஜா வாசிப்பாரு. அவரு சொன்னாத்தான் ஊரு கேக்கும்.”

பெல்சி என்னைப் பார்த்தாள். நான் மாட்டேன் என்று சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள் போல. எனக்கும் சொல்லத்தான் ஆசை. நாலைந்து நாளாக மூச்சைப் பிடித்துச் சண்டை போட்டதெல்லாம், கடைசியில் நான் சொல்ல வேண்டியதை ஒரு மீசை சொன்னால்தான் எடுபடும் என்று ஒத்துக்கொள்வதற்கா? ஆனால் ராஜகனி மகளின் வயிறு கண்ணுக்குள் வந்தது.

“வாசிக்கட்டும்” என்றேன். “எவன் சொன்னா என்ன, அவுக மேடேறுனாப் போதும்.”

சாயங்காலம் அணை அலுவலகத்தில் நானும் கோமதிநாயகமும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். வெளியே மழை விடவில்லை. தண்ணீர் அபாயக் கோட்டைத் தொட ஒரு கை அளவுதான் பாக்கி.

சிம்மராஜா கனமான குரலில் ஆரம்பித்தார். “நாளை அணை திறப்பு. கரையோர மக்கள் எச்சரிக்கையாக இருக்குமாறு—”

“இருங்க” என்றாள் தாரகை.

கோமதிநாயகம் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“இது என் செய்தி. நான் சொல்லுதேன்.” சிம்மராஜா சிரித்தார். “சிரிக்காதிய. இதுல சிரிக்க என்ன இருக்கு?” சிம்மராஜா வாயை மூடிக்கொண்டார். அவருக்கு வேறு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தாரகை நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதினெட்டு வருஷமாக ஒருபக்கம் சாய்த்தே வைத்திருந்த தலையை நேராக வைத்தாள். செய்தித் தமிழைத் தூக்கி எறிந்துவிட்டு எங்கள் ஊர்ப் பேச்சில் பேசினாள்.

“ஆத்தடியூர்ல இருக்கிற பண்டாரம் அண்ணாச்சி, ஒங்களத்தான் சொல்லுதேன். எந்திச்சு மாட்ட அவுத்து ஓட்டுங்க. நாளைக்குக் காலைல தண்ணி ஒங்க கூரைக்கு வந்திரும். ராஜகனியக்கா, மவள இப்பமே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்கன நர்ஸம்மா இருக்காவ. ஏல சுடலமுத்து, பயமான்னு கேட்டேல்லா. ஆமா, பயந்தான். எனக்காவயா பயப்படுதேன்? ஒங்களுக்காவத்தான் பயப்படுதேன். எந்திங்க எல்லாரும். நீங்க எந்திக்க வரைக்கும் நான் தங்கம் விலை வாசிக்க மாட்டேன்.”

வாசிக்கவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு சத்தமும் இல்லை. போனில் அதைச் சொன்னபோது நான் அழுதிருந்தேன். அவள் அழவில்லை.

பெல்சிக்குப் போன் போட்டேன். “ஏட்டி, பழசக் கொண்டாரலியா நீ?”

“மறந்துட்டேங்க்கா” என்றாள். பின்னால் தளவாய் கத்துவது கேட்டது. “பொம்பளப் பிள்ளைகளுக்கு மறதி ஜாஸ்தின்னு அண்ணாச்சியே சொல்லுவாவளே.”

கோமதிநாயகம் ஜன்னல் பக்கம் போய் நின்றார். “மேடம், இங்கன வாங்க” என்றார். ஆற்றுப் படுகையிலிருந்து மேட்டை நோக்கி டார்ச் வெளிச்சங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. டிராக்டர் சத்தமும் மாட்டுக் கழுத்து மணிச் சத்தமும் மழையோடு சேர்ந்து கேட்டன. டிவிக்குள்ளிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாருக்குத்தான் கைகால் உதறாது.

காலையில் சங்கு ஊதி ஷட்டர்களைத் திறந்தேன். செம்மண் நிறத்தில் தண்ணீர் படுகையை அடித்துக்கொண்டு போனது. ஆத்தடியூரில் கூரைகள் மட்டும் தெரிந்தன, அப்புறம் அவையும் தெரியவில்லை. உள்ளே ஒரு கோழிக்குஞ்சுகூட இல்லை.

மத்தியானம் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ராஜகனி மகளுக்கு விடியற்காலையிலேயே பெண் பிறந்திருந்தது. சுடலைமுத்து பொங்கல் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தவன், என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். பண்டாரம் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு எழுந்து வந்து, கையெடுத்துக் கும்பிட்டார்.

“அந்தத் தாரகைப் பிள்ளைதான் எங்க உசுரக் காப்பாத்துச்சு மேடம். எத்தன பேரு சொன்னாக. யாரு கேட்டா? அந்தப் பிள்ள ஒரு அதட்டு அதட்டுச்சு பாருங்க, எனக்கு மாட்டுக் கயறு கைல நிக்கல.”

“நானும் வந்து சொன்னேன்லா அண்ணாச்சி” என்றேன்.

“சொன்னிய, சொன்னிய. இல்லேங்கல.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். எனக்கு நல்லது சொல்கிறாராம். “தப்பா நெனைக்காதிய. நீங்க கொஞ்சம் மெதுவாச் சொல்லுதிய. அந்தப் பிள்ளையப் பாத்துக் கொஞ்சம் தைரியமாப் பேசப் பழகிக்கிடணும்.”

கோமதிநாயகம் குடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். குடை குலுங்கியது.

நான் கண்ணாடியைக் கழற்றினேன். மழையில் நனைந்த முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு அவர் முன்னால் நேராக நின்றேன். “அண்ணாச்சி, என்னைய நல்லாப் பாருங்க. அந்தப் பிள்ளை சாடை எனக்கு இல்லியா?”

பண்டாரம் ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார். நியாயமான மனிதர், அவசரப்படாமல் பார்த்தார்.

“கண்ணு லேசா அப்பிடித்தான் இருக்கு” என்றார். “ஆனா அந்தப் பிள்ள மொகத்துல ஒரு அதிகாரம் இருக்கு பாருங்க, அது வேற மேடம்.”